சுவரில் பூசிய வெளிச்சம்

1993 டிசம்பரில் வெளியான ‘டூம்’ விளையாட்டில் விளக்குகள் உண்டு. ஆனால் அவற்றிலிருந்து வெளிச்சம் வராது. கூடத்தின் நடுவே தீப்பந்தம் எரியும், மூலையில் மெழுகுவத்தி நிற்கும். எல்லாம் வெறும் படம். ஓர் இடம் எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதை 0 முதல் 255 வரையிலான ஓர் எண் முடிவு செய்தது. அந்த அறையை வடிவமைத்தவர் தன் மனக்கணக்குப்படி அந்த எண்ணைக் கொடுத்திருப்பார்.

ஆனாலும் அந்த இருட்டில் நடந்தவர்களுக்கு உள்ளங்கை வியர்த்தது. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் நிரலாளர் ஜான் கார்மாக்கிடம் இருந்தவை மொத்தம் 256 நிறங்கள். ஒவ்வொரு நிறமும் படிப்படியாக எப்படி இருள வேண்டும் என்பதற்கு 32 படிகள் கொண்ட அட்டவணை ஒன்று முன்பே தயாராக இருந்தது. சுவர் தள்ளிப்போகப் போக அட்டவணையில் கீழே இறங்கினால் போதும், தூரம் தானாக இருண்டுவிடும். இன்னொரு சின்ன உத்தியும் இருந்தது. கிழக்கு மேற்காக ஓடும் சுவரை ஒரு படி மங்கலாகவும், வடக்கு தெற்காக ஓடும் சுவரை ஒரு படி பளிச்சென்றும் காட்டினார்கள். ஒரே நிறச் சுவர்கள் இரண்டு சந்திக்கும் மூலை, மூலையாகத் தெரிந்தது அதனால்தான். துப்பாக்கி வெடித்தால் எதிரே இருப்பதெல்லாம் ஒரு கணம் வெளுக்கும். இயற்பியல் இதில் துளியும் இல்லை. இருட்டைக் கூர்ந்து பார்த்த கண் இருக்கிறது.

ஒளியை முறையாகக் கணக்கிடும் வித்தை அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்துவிட்டது. அங்கே ஆய்வு மாணவராக இருந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி கூரோ, தன் மனைவி சில்வியின் முகத்தில் கோடுகள் வரைந்து, அதைச் சிறுசிறு பட்டைகளாகக் கணினிக்குள் ஏற்றினார். பட்டைகளின் முனைகளில் மட்டும் வெளிச்சத்தைக் கணக்கிட்டு, நடுவில் உள்ள பரப்பில் அதைச் சீராக இழையவிடலாம் என்று 1971-இல் காட்டினார். செதுக்கிய கல்போலத் தெரிந்த முகம் வழவழப்பானது.

ஆனால் பளபளப்பு அதில் சரியாக வரவில்லை. பித்தளைச் செம்பு ஒன்றைச் சன்னலோரம் வைத்துத் தலையைச் சற்று அசைத்துப் பாருங்கள். செம்பின் மேல் வெள்ளைப் புள்ளி ஒன்று கூடவே நகரும். அந்தப் புள்ளியைப் பிடித்தவர் ஹனோயில் பிறந்து யூட்டாவுக்கு வந்த பூய் துவோங் ஃபோங். முனைகளில் கணக்கிட்டால் போதாது, ஒவ்வொரு புள்ளியிலும் பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்டறிய வேண்டும் என்றார். ஒரு பொருளின் மேல் விழும் ஒளியை அவர் மூன்றாகப் பிரித்தார்: எங்கும் பரவிக் கிடக்கும் பொது வெளிச்சம், விளக்கைப் பார்த்த பக்கம் கூடி மறுபக்கம் குறையும் வெளிச்சம், பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து இடம் மாறும் பளபளப்பு. 1973-இல் ஆய்வேடு முடிந்தது, 1975-இல் கட்டுரை அச்சானது. அதே ஆண்டில், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அவருக்குப் பின் வந்த எண்ணற்ற விளையாட்டுகளில் வாளின் முனையும் காரின் முதுகும் அவர் வகுத்த வழியிலோ அதைத் திருத்திய வழிகளிலோதான் மின்னின. அவர் பெயர் வரைகலைப் பாடநூல்களுக்கு வெளியே இன்னும் பரவலாகத் தெரியவேண்டும்.

1980-இல் பெல் ஆய்வகத்தின் டர்னர் விட்டெட் இன்னும் ஒரு படி போனார். கண்ணிலிருந்து புள்ளி புள்ளியாகக் கதிரை அனுப்பி, அது கண்ணாடியில் பட்டுத் திரும்புவதையும் ஊடுருவிப் போவதையும் தொடர்ந்தார். கட்டம் போட்ட தரையின் மேல் மிதக்கும் உருண்டைகள் கொண்ட அவருடைய புகழ்பெற்ற படத்துக்கு அன்றைய வாக்ஸ் கணினி எடுத்துக்கொண்ட நேரம் 74 நிமிடம். விளையாட்டுக்கோ ஒரு வினாடியில் 30 படமாவது வேண்டும்.

அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? முன்கூட்டியே சமைத்து வைப்பார்கள். 1996-இல் வந்த ‘குவேக்’ அதைத்தான் செய்தது. கட்டடம் தயாரானதும் தனி நிரல் ஒன்று விளக்குகளிலிருந்து சுவர்களுக்குக் கோடு இழுத்துப் பார்க்கும். குறுக்கே தூண் இருந்தால் அங்கே நிழல் என்று குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்புகள் ‘லைட்மேப்’ என்ற பெயரில் விளையாட்டோடு சேர்ந்தே வந்தன. விளையாடுபவர் பார்த்தது என்றோ விழுந்து, சுவரில் பூசி வைக்கப்பட்ட வெளிச்சம். நிழலின் விளிம்புகள் மெத்தென்று இருந்தன. ‘டூம்’ அறைகளில் இல்லாத ஆழம் இங்கே கிடைத்தது.

பூசிய வெளிச்சம் அசையாது என்பதுதான் சிக்கல். அரக்கன் விளக்கின் முன் வந்து நின்றாலும் சுவரில் அவன் நிழல் விழாது. அவன் உடம்பின் வெளிச்சத்தையே காலடியில் உள்ள தரையிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தரை இருட்டென்றால் ஆளும் இருட்டு. விளக்கு மினுக்க வேண்டுமானால்? ஆங்கில எழுத்துகளை வரிசையாக எழுதி வைத்தார்கள். ‘ஏ’ என்றால் முழு இருட்டு, ‘எம்’ இயல்பான வெளிச்சம், ‘இஸட்’ உச்சம். வினாடிக்குப் பத்து எழுத்தாக அந்த வரிசை ஓடும்போது, அந்த விளக்குக்கென்று தனியே எடுத்து வைத்த லைட்மேப் கூடிக் குறையும். பழுதான ட்யூப் லைட் துடிப்பது அப்படியே வந்தது.

இந்த வித்தைகளெல்லாம் அதுவரை பார்ப்பதற்காக. 1998-இல் லுக்கிங் கிளாஸ் நிறுவனம் ‘தீஃப்’ விளையாட்டில் வெளிச்சத்தையே ஆட்டத்தின் விதியாக்கியது. கேரட் என்ற திருடனாக மாளிகைக்குள் நுழைகிறோம். திரையின் அடியில் ஒரு சிறு மணிக்கல். நாம் நிற்கும் இடம் எவ்வளவு வெளிச்சம் என்று அது காட்டும். கல் கறுத்திருந்தால் காவலாளி அருகிலேயே கடந்து போனாலும் தப்பிக்கலாம். நீர் அம்பை எய்து தீப்பந்தத்தை அணைக்கலாம், மின்விளக்கை முடியாது. சுவரில் கிடந்த நிழலைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்து, எந்த வழியாகப் போவது என்று யோசிக்க வைத்த விளையாட்டு அதற்கு முன் வந்ததில்லை என்றே சொல்லலாம். வரைகலையின் வரலாற்றில் வேகமான இயந்திரங்களுக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது இதற்குச் சேர வேண்டும்.

2004 ஆகஸ்டில் ‘டூம் 3’ வந்தபோது கார்மாக் பூசிய வெளிச்சத்தைத் துடைத்தெறிந்தார். சுவர், ஆள், பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு, அதுவும் அந்தந்தக் கணத்தில். நிழலுக்கு அவர் எடுத்துக்கொண்டது 1977-இல் ஃபிராங்க் குரோ முன்வைத்த யோசனை: விளக்கிலிருந்து பார்க்கும்போது ஒரு பொருளின் ஓரம் எங்கே முடிகிறதோ அங்கிருந்து பின்னால் இருட்டுக் கூண்டு ஒன்று நீள்கிறது, கூண்டுக்குள் அகப்பட்டதெல்லாம் நிழல். கூரையில் ஆடும் விளக்குக்குக் கீழே நிழல்கள் சுவர் முழுக்க ஊசலாடின. இந்த முறையில் நிழலின் விளிம்பு கத்திபோல் கூராக இருக்கும். நிஜ விளக்குக்கு அகலம் உண்டு என்பதால் நிஜ நிழலின் ஓரம் கலங்கும். ‘டூம் 3’-இல் அந்தக் கலங்கல் இல்லை.

அதில் டார்ச் லைட்டைப் பிடித்தால் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது. பார்ப்பதா, சுடுவதா? ரசிகர்கள் கொதித்தார்கள். சிலர் துப்பாக்கியிலேயே டார்ச்சை ஒட்டிவிடும் திருத்தத்தை எழுதிப் பரப்பினார்கள். 2012-இல் வந்த மறுபதிப்பில் நிறுவனமே டார்ச்சைக் கவசத்தில் பொருத்திவிட்டது. மறுபதிப்பு விளையாட வசதியானதுதான். ஆனால் கையில் வெளிச்சமோ ஆயுதமோ ஒன்றுதான் என்ற முதல் பதிப்பின் பயம் அதில் இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் கவனம் கண்ணின் பக்கம் திரும்பியது. 2005-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘லாஸ்ட் கோஸ்ட்’ சிறியதொரு செயல்விளக்கம். இருண்ட தேவாலயத்திலிருந்து வெயிலுக்கு வந்தால் திரை முதலில் கூசி வெளுக்கும், பிறகு மெல்லப் பழகும். 2007-இல் ‘கிரைசிஸ்’, மூலைகளிலும் இடுக்குகளிலும் வெளிச்சம் குறைவாகவே சேரும் என்பதைத் திரையில் இருக்கும் ஆழத் தகவலை வைத்தே ஊகித்துக் காட்டியது. கல்லுக்கும் புல்லுக்கும் அடியில் படிந்த அந்த மெல்லிய கருமை வந்த பிறகுதான் பொருள்கள் தரையில் மிதக்காமல் அமர்ந்தன.

விட்டெட்டின் கதிர்கள் வீட்டுக் கணினிக்கு வர 2018 ஆனது. அந்த ஆண்டு என்விடியா நிறுவனம், கதிர்த் தடத்தைத் தேடுவதற்கென்றே தனிச் சுற்றுகள் கொண்ட ஆர்டிஎக்ஸ் வரைகலை அட்டைகளை அறிமுகப்படுத்தியது. 2019 ஜூனில், 1997-இன் ‘குவேக் 2’ முழுக்கக் கதிர்களால் ஒளியூட்டப்பட்டுத் திரும்பி வந்தது. மேற்கூரைத் திறப்பின் வழியே வெயில் உள்ளே இறங்கி, தரையில் பட்டு, பழுப்புச் சுவரை அடியிலிருந்து வெளிச்சமாக்கியது. இங்கும் முழுக் கணக்கு இல்லை. ஒரு புள்ளிக்குச் சில கதிர்களே அனுப்ப நேரம் இருப்பதால் கிடைக்கும் படம் மணல் தூவியதுபோல் இருக்கும். முந்தைய படங்களையும் பக்கத்துப் புள்ளிகளையும் பார்த்து அதைத் துடைத்து நிரப்புகிறார்கள்.

‘குவேக்’ நிரலைத் தழுவி வால்வ் தன் ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டை 1998-இல் உருவாக்கியபோது, விளக்கை மினுக்க வைக்கும் எழுத்து வரிசைகளும் கூடவே போயின. நிறுவனம் இயந்திரத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தது. 2020 மார்ச்சில் மெய்நிகர் தலைக்கவசத்துக்காக ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ வந்தது. அதில் துடிக்கும் ஒரு விளக்கைப் பழைய ரசிகர்கள் உற்றுப் பார்த்தார்கள். எப்போது மங்குகிறது, எப்போது எழுகிறது என்று ஒப்பிட்டார்கள். 1996-இல் எழுதி வைத்த அதே எழுத்துகள், அதே வரிசையில்.