குறட்டையும் மூச்சுத்தடையும்: வாய்க்கருவி யாருக்கு உதவும்?

வீட்டில் ஒருவர் உரக்கக் குறட்டை விட்டால், 'அசந்து தூங்குகிறார்' என்று நாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அந்தக் குறட்டை திடீரென நின்று, சில நொடிகள் அமைதியாகி, பிறகு திணறலோடு மூச்சு திரும்பினால் அது நல்ல தூக்கம் அல்ல. 'ஸ்லீப் அப்னியா' எனும் தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கும் உள்நாக்குப் பகுதியும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகின்றன. மூளை ஒவ்வொரு முறையும் உடலை உசுப்பி மூச்சைத் திரும்பக் கொண்டுவருகிறது. இதனால் இரவு முழுவதும் படுத்திருந்தும் சோர்வு தீராது. இரத்த அழுத்தம் கூடும். வாகனம் ஓட்டுபவர் கண்ணயர்ந்தால் குடும்பத்துக்கே ஆபத்து.

நோயின் அளவு

தூக்கப் பரிசோதனையில், மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு எத்தனை முறை என்று கணக்கிடுவார்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை மிதமானது. அதற்கு மேல் கடுமையானது.

முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் 'சிபேப்' இயந்திரமே மூச்சுத்தடையை அதிகம் குறைக்கிறது. 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் இதை அறிமுகப்படுத்தினார். ஆனால் முகமூடியோடு தூங்க முடியாமல் பலர் அதை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கான மாற்றுவழிதான் வாய்க்கருவி.

எப்படி வேலை செய்கிறது?

மேல் பல்வரிசைக்கு ஒன்று, கீழ் பல்வரிசைக்கு ஒன்று என அளவெடுத்துச் செய்யப்படும் கருவி இது. கீழ்த்தாடையைச் சற்று முன்னால் நிறுத்தி வைக்கும். தாடையோடு நாக்கும் முன்னால் வருவதால் தொண்டையில் வழி திறக்கிறது. எவ்வளவு முன்னால் என்பதைப் பல் மருத்துவர் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டுவார். போதிய பற்கள் இல்லாதவர்களுக்கு, நாக்கை மட்டும் முன்னால் பிடித்து வைக்கும் வேறு வகையும் உண்டு.

லேசான, மிதமான நிலையில் உள்ளவர்களுக்கு இது நன்கு உதவுகிறது. கடுமையான நிலையில் சிபேப்தான் முதலில். அதைத் தாங்க முடியாதபோது மட்டுமே இது. மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளை வராத வகை நோய்க்கு இது பயன்படாது.

கவனிக்க வேண்டியவை

தொடக்கத்தில் எச்சில் ஊறுவது, வாய் வறட்சி, காலையில் தாடை வலி ஆகியவை வரலாம். ஆண்டுக்கணக்கில் அணிந்தால் பற்கள் சற்று நகர்ந்து கடிக்கும் விதமே மாறக்கூடும். ஈறு நோயோ தாடை மூட்டு வலியோ உள்ளவர்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்தும் மலிவுக் கருவிகளை இணையத்தில் வாங்கி அணிவது சரியல்ல. குறட்டைச் சத்தம் அடங்கிவிடலாம். மூச்சுத்தடை உள்ளே தொடரலாம். எனவே முதலில் தூக்கப் பரிசோதனை, அடுத்து பல் மருத்துவர், கருவி பொருந்தியபின் அதை அணிந்தபடியே மறு பரிசோதனை என்ற வரிசையை நாம் விடக்கூடாது.

தூங்குபவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. அதைக் கண்டு சொல்ல வேண்டியவர்கள் அருகில் படுத்திருக்கும் நாம்தான்.