தேடினால் கிடைக்காத தமிழ்

பழைய மண்டிக்கடைப் பேரேட்டைத் திறந்தால் முதலில் இருப்பது பெயர்ப்பட்டியல். பெயரைப் பார்த்தால் பக்க எண் கிடைத்துவிடும். பேரேடு முழுவதையும் புரட்ட வேண்டியதில்லை. கணினித் தேடலும் இதே கதைதான். கோப்புகளிலும் மடல்களிலும் உள்ள சொற்களை முன்கூட்டியே எடுத்து, எது எங்கே இருக்கிறது என்று அட்டவணை போட்டு வைத்துக்கொள்கிறது.

2004 ஏப்ரல் 1-ல் ஜிமெயில் வந்தது. ஹாட்மெயில் 2 எம்.பி., யாஹூ 4 எம்.பி. இடம் கொடுத்த காலத்தில் 1 ஜி.பி.! மடல்களை அழிக்க வேண்டாம், தேடி எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த கூகுள் டெஸ்க்டாப், வீட்டுக் கணினிக்குள்ளேயே தேடித் தந்தது.

சரி, தமிழில்?

அங்கேதான் சிக்கல். அன்று ஆளுக்கொரு எழுத்துரு. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். ஆனால் கணினியில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! அட்டவணையில் ஏறுவதும் இந்தக் குப்பைதான். அப்புறம் யுனிகோடில் 'அம்மா' என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? 1999-ல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற தரங்களை அறிவித்தது. இணையத்தில் திஸ்கி தனியாக ஓடிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் யுனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸில் அதற்கான வசதி விண்டோஸ் 2000-ல்தான் முறையாக வந்தது.

இந்தக் குழப்பத்துக்கு அரசுத் தரப்பில் முடிவு வந்த நேரத்தில் ஊரே கோவையில் கூடியிருந்தது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு, கூடவே தமிழ் இணைய மாநாடு. மாநாடு தொடங்கிய ஜூன் 23 தேதியிட்ட அரசாணை யுனிகோடைத் தரமாக ஏற்றது. டேஸ்-16 என்ற குறியாக்கமும் உடன் ஏற்கப்பட்டது.

கூகுள் டெஸ்க்டாப் 2011-ல் நிறுத்தப்பட்டது. அதனால் தமிழுக்கு நஷ்டமில்லை. யுனிகோடில் இருக்கும் கோப்பை இன்றைய எந்தக் கருவியும் தேடித் தரும். உண்மையான நஷ்டம், பழைய எழுத்துருக்களில் முடங்கிக் கிடக்கும் கடிதங்களும் கணக்குகளும் கவிதைகளும்தான். மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த எழுத்துருவில் அடித்தது என்பது மறந்துபோவதற்குள் மாற்றிவிடுவது நல்லது. பட்டியலில் ஏறாத கணக்கு, பேரேட்டில் இருந்தும் இல்லாத மாதிரிதானே!