பள்ளிக்கூட மணிக்கு முன்னும் பின்னும்

தமிழ்நாட்டு முஸ்லிம் பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடம் திறக்குமுன்னும் மாலையில் விட்டபின்னும் மதரஸாவில் குர்ஆன் ஓதுகிறார்கள். இந்த நேரப் பங்கீடு பழையதல்ல. ஒரு காலத்தில் பிள்ளை கற்ற கல்வியே பெரும்பாலும் ஓதப்பள்ளி எனப்பட்ட மதரஸாவின் கல்விதான்.

அதற்குச் செஞ்சி வட்டாரம் ஓர் எடுத்துக்காட்டு. செஞ்சிக் கோட்டைக்குள், 1717-18இல் எழுந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசல் நிற்கிறது. ஆற்காட்டு நவாபுகள் ஆண்ட இந்த வட்டாரத்தில் உருது பேசும் குடும்பங்களும் தமிழ் பேசும் குடும்பங்களும் கலந்து வாழ்ந்தன. வீட்டு மொழி எதுவானாலும் பாடம் அலிஃப், பே என்றே தொடங்கியது. எழுத்துக்கூட்டப் பழகிய பிள்ளை குர்ஆனின் கடைசிப் பகுதியான முப்பதாம் ஜுஸ்வின் சிறு சூராக்களை (அத்தியாயங்களை) மனனம் செய்து, பிறகு முழுக் குர்ஆனையும் பார்த்து ஓதும். ஒரு முறை முடித்தால் அது கத்தம். வீட்டில் இனிப்பு வழங்குவார்கள்.

பொருள் தெரியாமல் ஓதுவதால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஓதப்பள்ளி பொருளைவிடப் பழக்கத்தையே நம்பியது. ஒளு என்னும் கைகால் முகம் கழுவும் தூய்மை செய்யாமல் குர்ஆனைத் தொடக்கூடாது, பெரியவருக்கு முந்தி ஸலாம் சொல்ல வேண்டும், தொழுகை வரிசையில் ஒழுங்காக நிற்க வேண்டும் என்பவை ஏட்டில் அல்ல, ஆசிரியரான உஸ்தாதின் கண்முன் படிந்தன. மார்க்கச் சட்டத்தை விளங்கிக்கொள்ள அரபுத்தமிழ் இருந்தது. அரபு எழுத்தில் எழுதிய தமிழ் என்பதால், குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்களும் அதைப் படிக்க முடிந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் ‘ஃபத்ஹுத் தய்யான்’ அவ்வகை நூல்களில் பேர்பெற்றது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, முஸ்லிம்களின் மரபுவழிப் பள்ளிகள் உலகியல் பாடங்களையும் சேர்த்துக்கொள்ள ஊக்கம் தரலாம் என்று பரிந்துரைத்தது. அரசு வேலைக்கு நவீனக் கல்வி தேவைப்பட்டது. ஓதல் விளிம்புக்கு நகர்ந்தது. விடுதலைக்குப் பின் அரசமைப்பின் 28ஆம் பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் சமயபோதனையைத் தடுத்தது. எனவே மதரஸா, பள்ளி நேரத்துக்கு வெளியே தனியாகவே நிலைத்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே ஓதிக்கொடுப்போரும் மாறினர். ஷா அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் வேலூரில் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் பட்டம் பெற்ற பாகவிகள், ஊர் ஊராக இமாம்களாகவும் ஆசிரியர்களாகவும் சென்றனர். அவர்களில் ஒருவரான ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி குர்ஆனை முழுமையாகத் தமிழில் பெயர்த்தார். அதன்பின் ஓதுவதோடு பொருளையும் கேட்கும் பழக்கம் மெல்லப் பரவியது. இன்று கோடை விடுமுறையில் நடக்கும் தீனியாத் என்னும் மார்க்க வகுப்புகளில் தொழுகை முறை, துஆக்கள், நபி வரலாறு ஆகியவற்றைத் தமிழிலேயே விளக்குகிறார்கள்.