ஆதார் ஜெராக்ஸ் முதல் ரூபாய் நோட்டு வரை... ரகசியக் காகிதங்களை அழிப்பது எப்படி? ஷ்ரெட்டரில் இத்தனை ரகமா?

வைகுண்ட ஏகாதசி நெருங்கினால் ஸ்ரீரங்கத்தில் லாட்ஜ் அறை கிடைப்பதே பெரிய விஷயம். அறை கிடைத்ததும் முதலில் வரும் கேள்வி, "ஆதார் ஜெராக்ஸ் இருக்கா?" என்பதுதான். திருவிழா முடிந்ததும் பக்தர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஜெராக்ஸ் எங்கே போகிறது?

ஸ்ரீரங்கம் லாட்ஜுக்கு மட்டுமான கேள்வி அல்ல இது. திருச்சி தில்லைநகரில் ஒரு லேப் ரிப்போர்ட், கன்டோன்மென்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகம் என எங்கே போனாலும் நம் விவரங்கள் காகிதமாக ஒரு ஃபைலில் சேர்கின்றன. ஃபைல் நிறைந்ததும் பல இடங்களில் அது கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போகும். யாரோ ஒருவரின் மார்க் ஷீட் நகலில் பஜ்ஜி மடித்துக் கொடுப்பதைப் பார்க்காதவர்கள் குறைவு.

அப்படியென்றால் ரகசியக் காகிதத்தை எப்படித்தான் அழிப்பது? முழு விவரத்தைப் பார்க்கலாம்.

ஒரு ஜெராக்ஸில் அப்படி என்ன இருக்கிறது?

பெயர், முகவரி, பிறந்த தேதி, புகைப்படம், 12 இலக்க எண். கடன் விண்ணப்பமாக இருந்தால் பான் எண், வங்கிக் கணக்கு, கையெழுத்தும் சேர்ந்துகொள்ளும். அடுத்தவர் பெயரில் சிம் வாங்க நினைப்பவருக்கும், "பேங்க்ல இருந்து பேசுறோம்" என்று போன் போடுபவருக்கும் இதுதான் மூலதனம்.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், உரிமம் பெறாத ஹோட்டல்களும் தியேட்டர்களும் நகலை வாங்கி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்றது அது. தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருப்பதாகச் சொல்லி, இரண்டே நாளில் மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. வழக்கமான எச்சரிக்கையுடன் பயன்படுத்தினால் போதும் என்றும் சொன்னது. அறிவிப்பு போய்விட்டது, ஃபைலில் குவிந்த நகல்கள் அப்படியேதான் இருக்கின்றன.

கையால் கிழித்துப் போட்டால் போதாதா?

போதாது. அதற்கு உலக வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது.

1979-ல் ஈரான் தலைநகர் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது, அங்கிருந்த அதிகாரிகள் ரகசிய ஆவணங்களை மெஷினில் போட்டு நீள நீளக் கீற்றுகளாக வெட்டிவிட்டார்கள். ஈரான் தரப்பு கம்பளம் நெய்பவர்களின் உதவியோடு அந்தக் கீற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டி, புத்தகத் தொகுதிகளாகவே வெளியிட்டது.

கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி உளவுத்துறை ஆட்சி சரிந்த நேரத்தில் அவசர அவசரமாகக் கையால் கிழித்த காகிதங்கள் சுமார் 16,000 மூட்டைகளில் கிடைத்தன. அவற்றில் பல லட்சம் பக்கங்களை ஊழியர்கள் உட்கார்ந்து ஒட்டியே மீட்டுவிட்டார்கள்.

2011-ல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டார்பா ஒரு போட்டி வைத்தது. 5 புதிர்கள், மொத்தம் 10,000-க்கும் மேற்பட்ட துண்டுகள், பரிசு 50,000 டாலர். சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த குழு 33 நாளில் முடித்துக் காட்டியது.

ஆக, வெட்டினோமா இல்லையா என்பதைவிட எவ்வளவு சின்னதாக வெட்டினோம் என்பதுதான் முக்கியம்.

பி-1 முதல் பி-7 வரை: என்ன வித்தியாசம்?

காகிதம் வெட்டும் கருவிக்கு அமெரிக்காவைச் சேர்ந்த அபட் அகஸ்டஸ் லோ 1909-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அதைக் கடைக்கு வரும் பொருளாக்கியவர் ஜெர்மனியின் அடால்ஃப் எஹிங்கர். 1935-ல், மாவை நீள நூடுல்ஸாக வெட்டும் சமையலறைக் கருவியைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாகச் சொல்வார்கள்.

இன்று உலகம் முழுக்கப் பின்பற்றும் அளவுகோலும் ஜெர்மனியில் பிறந்ததுதான். டி.ஐ.என் 66399 என்ற அந்தத் தரநிலை, 2018-ல் ஐ.எஸ்.ஓ/ஐ.இ.சி 21964 என்ற சர்வதேசத் தரநிலையானது. காகிதத்துக்கு இதில் 7 நிலைகள். ஓர் ஏ4 தாள் குறைந்தது எத்தனை துண்டாகும் என்று கணக்குப் போட்டால் வித்தியாசம் சட்டென்று புரியும்.

* பி-1: 12 மி.மீ வரை அகலக் கீற்று. ஏ4 தாள் சுமார் 18 கீற்றாகும்.
* பி-2: 6 மி.மீ வரை அகலக் கீற்று. சுமார் 35 கீற்று.
* பி-3: ஒரு துண்டு 320 சதுர மி.மீ வரை. சுமார் 195 துண்டு.
* பி-4: 160 சதுர மி.மீ வரை. சுமார் 390 துண்டு.
* பி-5: 30 சதுர மி.மீ வரை. சுமார் 2,080 துண்டு.
* பி-6: 10 சதுர மி.மீ வரை. சுமார் 6,240 துண்டு.
* பி-7: 5 சதுர மி.மீ வரை. சுமார் 12,470 துண்டு.

அமெரிக்காவின் என்.எஸ்.ஏ உளவு அமைப்பு தன் ரகசியத் தாள்களுக்கு 1 மி.மீ அகலம், 5 மி.மீ நீளத்துக்கு மேல் துண்டு இருக்கக் கூடாது என்கிறது. அதாவது பி-7.

யாருக்கு எது போதும்?

விலை குறைவு என்று கீற்று வெட்டும் மெஷினை வாங்குவதுதான் பலர் செய்வது. தாளின் எழுத்து வரி ஓடும் திசையிலேயே கீற்றும் விழுந்தால், 12 இலக்க எண் முழுசாக ஒரே கீற்றில் உட்கார்ந்திருக்கும். கீற்று மெஷின்தான் இருக்கிறது என்றால், வரிகளைக் குறுக்கே வெட்டும்படி தாளைத் திருப்பி விட வேண்டும்.

ஆதார், பான், வங்கி விவரம் கையாளும் லாட்ஜ், ஆடிட்டர் அலுவலகம், ஜெராக்ஸ் கடைக்குக் குறுக்கு வெட்டு பி-4 குறைந்தபட்சம். மருத்துவ, சட்ட ஆவணங்களுக்கு பி-5 நல்லது. பி-6, பி-7 எல்லாம் அரசு ரகசியம், பாதுகாப்பு ஆராய்ச்சி போன்ற இடங்களுக்கு. துண்டு சிறுக சிறுக ஒரு தடவைக்கு வெட்டும் தாள் எண்ணிக்கை குறையும், விலை ஏறும். தேவைக்கு மேல் வாங்கினால் பணம்தான் வீண்.

வாங்கும்போது பெட்டியில் "ஹை செக்யூரிட்டி" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பி எண் என்ன, எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடும், பிளாஸ்டிக் கார்டுக்குத் தனி வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பிளேடுக்கு அவ்வப்போது அதற்கான எண்ணெய் விட வேண்டும். துப்பட்டா, முந்தானை, ஐடி கார்டு கயிறு தாள் போடும் வாய்ப் பக்கம் போகவே கூடாது. குழந்தைகள் இருக்கும் இடத்தில் பயன்படுத்தாத நேரம் பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது.

ரூபாய் நோட்டை எப்படி அழிக்கிறார்கள்?

மிகப் பெரிய அளவில் காகித அழிப்பு வேலையைச் செய்கிறது ரிசர்வ் வங்கி. திருச்சி காந்தி மார்க்கெட்டில் கைமாறிக் கைமாறி அழுக்கான நோட்டும் வங்கி வழியாகக் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். அங்குள்ள இயந்திரம் மணிக்கு 50,000 முதல் 60,000 நோட்டுகளை எண்ணி, அசலா என்று சோதித்து, நல்லது கெட்டது பிரித்து, கெட்டதை அங்கேயே தூளாக்கிவிடும். வெட்டிய தூளை அழுத்திக் கட்டிகளாக்கி, டெண்டர் விட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

2016 பணமதிப்பு நீக்கத்தில் திரும்பி வந்த 500, 1,000 ரூபாய் நோட்டுகளின் மதிப்பு மட்டும் ரூ.15.31 லட்சம் கோடி. அவற்றின் தூளில் ஒரு பகுதியைக் கேரளத்தின் கண்ணூரில் உள்ள வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ் நிறுவனம் வாங்கி, மரக்கூழோடு கலந்து பலகை செய்தது. நம் ஊர் அலுவலகங்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. முதலில் அழிப்பு, பிறகுதான் வெளியே விற்பனை.

எரித்துவிட்டால் வேலை முடிந்ததா?

குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது விதிப்படி தவறு. 2016-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இதற்கு ரூ.5,000, பெருமளவில் எரித்தால் ரூ.25,000 என அபராதம் நிர்ணயித்தது. அரியமங்கலம் குப்பைக் கிடங்கின் புகையை அனுபவித்த திருச்சி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தவிர, கட்டாக எரித்தால் நடுத் தாள்கள் கருகாமலே தப்பிவிடும்.

எதையெல்லாம் அழிக்கவே கூடாது?

மெஷின் வந்த உற்சாகத்தில் எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிடக் கூடாது. மூலப் பத்திரம், பிறப்புச் சான்று, அசல் மதிப்பெண் சான்றிதழை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. ஜி.எஸ்.டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதமும், கம்பெனிகள் தங்கள் கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டும் வைத்திருக்க வேண்டும். உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவுக்கு 3 ஆண்டு.

மத்திய அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்களின் ஆவணங்களை 1993-ம் ஆண்டின் பொது ஆவணச் சட்டப்படிதான் அழிக்க முடியும். மீறினால் 5 ஆண்டு வரை சிறை. வழக்கில் சாட்சியாகிவிடக் கூடாது என்று ஓர் ஆவணத்தை அழித்தால், பாரதிய நியாய சன்ஹிதா 241-வது பிரிவின் கீழ் 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வெறும் காகிதத்துக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அதே காகிதத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினால் அந்தத் தரவு சட்டத்துக்குள் வந்துவிடும். தரவுக்குப் போதிய பாதுகாப்பு இல்லாவிட்டால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இதில் இடம் உண்டு.

மெஷின் இல்லாத வீட்டில் என்ன செய்வது?

எண், கையெழுத்து, புகைப்படம் உள்ள பகுதிகளைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கலாம். தாள் அதிகம் இருந்தால் பக்கெட் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மாவு பிசைவதுபோல் பிசைந்து கூழாக்கிவிட வேண்டும். லேசர் பிரின்ட் மை தண்ணீரில் கரையாது என்பதால் ஊறவைப்பது மட்டும் போதாது, பிசைவதுதான் முக்கியம். பிளாஸ்டிக் ஆதார், ஏ.டி.எம் கார்டை சிப், எண், க்யூ.ஆர் கோடு மூன்றின் குறுக்கேயும் வெட்டி, துண்டுகளை வெவ்வேறு நாள் குப்பையில் போடலாம்.

இதைவிட எளிய வழி, அழிக்க வேண்டிய காகிதத்தையே குறைப்பது. ஆதார் இணையதளத்தில் முதல் 8 இலக்கங்களை மறைத்து, கடைசி 4 மட்டும் தெரியும் "மாஸ்க்டு ஆதார்" டவுன்லோடு செய்துகொள்ளலாம். நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அதன் குறுக்கே தேதியையும் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நல்லது. அந்த நகல் நாளை வேறு எங்கே போனாலும், வேறு வேலைக்குப் பயன்படுத்துவது கஷ்டம்.