ஆம்-இல்லை உள்ளீடு

ஆம்-இல்லை உள்ளீடு என்பது முனையத்தில் இயங்கும் ஒரு நிரல், ஒரு செயலைச் செய்யுமுன் பயனரிடம் வினவி, விசைப்பலகை வழியாக அவரது இசைவையோ மறுப்பையோ பெறும் முறையாகும். மீட்க இயலாத செயல்களுக்கு முன் இது பெரிதும் பயன்படுகிறது. யூனிக்சு வகை இயங்குதளங்களில் கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளை, ஐ எனும் விருப்பத்தேர்வுடன் இயக்கப்படும்போது ஒவ்வொரு கோப்புக்கும் இவ்வாறு வினவும்.

வரியாகப் படித்தல்

முனையம் இயல்பாக உள்ளீட்டை வரி வரியாகவே நிரலுக்கு அளிக்கிறது. பயனர் 'ஒய்' விசையையும் எண்டர் விசையையும் அழுத்தினால் நிரலை அடைபவை இரண்டு வரியுருக்கள்: 'ஒய்' (121), புதுவரி (10). சி மொழியின் கெட்சார் செயற்கூறு முதலாவதை மட்டுமே எடுக்கும். எஞ்சிய புதுவரி இடையகத்தில் தங்கி, அடுத்த வினாவுக்கு விடையாகிவிடும். வெற்று எண்டரை இசைவாகக் கொள்ளும் நிரலில், பயனர் படித்தே பாராத வினாவுக்கும் இசைவு கிடைத்துவிடும். ஆகவே எஃப்கெட்ஸ் கொண்டு முழு வரியையும் படித்து ஆராய்வதே முறை. டர்போ சி-யில் பழகியோர் நாடும் கெட்ச் செயற்கூறு எண்டருக்குக் காத்திராது. ஆயினும் அது சி மொழித் தரத்தில் இல்லை, கைதவறி அழுத்திய விசையைத் திருத்தவும் இடந்தராது. உள்ளீடு முடிந்துவிட்டால் அதனை மறுப்பாகக் கொள்ள வேண்டும். இல்லையேல் நிரல் முடிவிலாச் சுழலில் சிக்கக்கூடும்.

தமிழில் விடையளித்தல்

ஆங்கிலத்தில் முதல் பைட்டைப் பார்த்தாலே போதும். ஒருங்குறியின் யுடிஎஃப்-8 குறிமுறையில் 'ஆ' என்பது 224, 174, 134 என மூன்று பைட்டுகள். 'இ' என்பது 224, 174, 135. அதாவது "ஆம்", "இல்லை" என்னும் எதிரெதிர் விடைகளின் முதலிரு பைட்டுகள் ஒன்றே. ஒரு பைட்டை மட்டும் நோக்கும் நிரலால் இவற்றைப் பிரித்தறிய இயலாது. 1999-இல் தமிழக அரசு அறிவித்த டேப் போன்ற எட்டு பிட்டு குறிமுறைகளில் 'ஆ', 'இ' ஆகியவை ஒவ்வொன்றும் ஒரே பைட்டாக இருந்ததால் இச்சிக்கல் எழவில்லை.

தமிழ்99 விசைப்பலகை இயக்கத்தில் இருக்கையில் 'ஒய்' விசை 'ள' எழுத்தையும் 'என்' விசை 'ல' எழுத்தையும் தரும். இவற்றை நிரல் ஏற்காதபோது பயனர் குழப்பமடைவது இயல்பே.

போசிக்ஸ் தரம் இதற்கு வழி வகுத்துள்ளது. இசைவுக்கும் மறுப்புக்கும் உரிய சுருங்குறித்தொடர்கள் நிரலில் அன்றி, அந்தந்த மொழியின் வட்டாரக் கோப்பில் வைக்கப்படுகின்றன. குனூ சி நிரலகத்தின் இந்தியத் தமிழ்க் கோப்பு, ஆங்கில எழுத்துகளுடன் 'ஆ', 'இ' ஆகியவற்றையும் ஏற்கிறது. நிரலர் ஆர்பிமேட்ச் செயற்கூற்றிடம் விடையை ஒப்படைத்தால், இசைவெனில் 1, மறுப்பெனில் 0, இரண்டுமல்லவெனில் -1 கிடைக்கும்.

வினாவின் அமைப்பு

"அழிக்கவா?" என்று கேட்டால் தமிழர் "சரி" அல்லது "வேண்டாம்" என்றே விடையளிப்பர், இரண்டுமே மேற்கண்ட கோப்பில் இல்லை. குனூ ஆர்எம் இசைவல்லாத எதனையும் மறுப்பாகக் கொள்வதால் "வேண்டாம்" எனத் தட்டியவரின் கோப்பு தப்பிக்கும். "சரி" எனத் தட்டியவரின் கோப்பும் அழியாமல் இருக்கும். "அழிக்காமல் விடவா?" போன்ற எதிர்மறை வினாக்களை அறவே தவிர்ப்பது நன்று.