மியூசிக்எக்ஸ்எம்எல்

மியூசிக்எக்ஸ்எம்எல் என்பது மேலை இசையின் ஐந்து கோட்டுக் குறியீட்டை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லவும், நெடுங்காலம் சேமித்துவைக்கவும் பயன்படும் திறந்த கோப்பு வடிவம். 17ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவரும் பொதுவான மேலை இசைக்குறியீடே இதன் எல்லை. வகுத்தவர் அமெரிக்க மென்பொருள் வல்லுநர் மைக்கேல் குட். 1.0 பதிப்பு 2004 ஜனவரியில் வெளியானது.

இசைக்குறியீட்டைக் கணினிக்குப் புகட்டும் முயற்சி 1960களில் ஸ்டீஃபன் பாயர்-மெங்கல்பெர்க் தொடங்கிய டார்ம்ஸ் குறிமுறையிலேயே காணப்படுகிறது. டேவிட் ஹூரனின் ஹம்ட்ரம், வால்டர் ஹியூலெட்டின் மியூஸ்டேட்டா இரண்டும் ஆய்வாளர்களிடையே வழங்கின. 1983இல் வந்த மிடி, கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க உருவானது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்தில் என்பதை அது சொல்லும். ஆனால் சி ஷார்ப்பும் டி ஃபிளாட்டும் அதற்கு ஒரே எண்தான்; நடு சியை அடுத்த கறுப்புக் கட்டைக்கு 61. எழுதியவர் எதை எண்ணி எழுதினார் என்பது அந்த எண்ணில் இல்லை.

1988இல் ஃபினாலே, 1993இல் ஏகார்ன் கணினிக்கான சிபேலியஸ் ஆகிய வணிக மென்பொருள்கள் வந்தன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வடிவத்தில் கோப்பைச் சேமித்தது. ஒன்றின் கோப்பை மற்றது திறக்காது. பொது வடிவம் காண 1990களில் நடந்த முயற்சிகளில் எஸ்எம்டிஎல் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1995இல் வந்த நிஃப், அச்சுத் தாளை வருடிப் படிக்கும் மென்பொருள்களில் ஓரளவு இடம்பெற்றது. பெரிய நிறுவனங்கள் அதை முழுமையாக ஏற்கவில்லை. அது இருமக் கோப்பாக இருந்ததே காரணம் என்போர் உண்டு. முன்னின்று வளர்க்க வலுவான நிறுவனம் இல்லாததே காரணம் என்போரும் உண்டு.

மைக்கேல் குட் 2000இல் ரெகார்டேர் நிறுவனத்தைத் தொடங்கி, மியூஸ்டேட்டாவையும் ஹம்ட்ரமையும் அடித்தளமாகக் கொண்டு, அன்று புதிதாகப் பரவிவந்த எக்ஸ்எம்எல் மொழியில் தம் வடிவத்தை அமைத்தார். இதன் கோப்பு வெறும் எழுத்து; எந்த உரைத் தொகுப்பியிலும் திறந்து கண்ணால் படிக்கலாம். சுரத்தின் பெயர், அது ஏறியதா இறங்கியதா என்ற குறிப்பு, ஸ்தாயி ஆகியவை தனித்தனியே எழுதப்படுவதால் சி ஷார்ப்பும் டி ஃபிளாட்டும் வேறு வேறாகவே நிற்கும். சுரம் ஒலிக்கும் நேரம் ஓர் உறுப்பு; தாளில் அது பெறும் வடிவம் இன்னோர் உறுப்பு. காதுக்கும் கண்ணுக்கும் உரியவற்றை இப்படிப் பிரித்து வைத்தது இவ்வடிவத்தின் நேர்த்தியான முடிவுகளுள் ஒன்று. கால் சுரத்தை எத்தனை கூறாக்குவது என்பதைக் கோப்பே முதலில் அறிவித்துவிடும். மூன்று சுரக் கட்டுக்கும் முழு எண்ணே போதும், பின்னம் வேண்டியதில்லை. பியானோவின் இரு கைகள்போல ஒரே நேரத்தில் நடக்கும் குரல்களுக்கு, முதல் குரலை எழுதி முடித்ததும் 'பேக்கப்' என்ற உறுப்பு காலத்தைப் பின்னுக்கு நகர்த்தும். அங்கிருந்து அடுத்த குரல் தொடங்கும். ஒரே இசையைக் கருவி வாரியாகவும் அளவை வாரியாகவும் அடுக்க இரு அமைப்புகள் உண்டு. ஒன்றை மற்றதாக மாற்றும் நிரலும் உடன் தரப்பட்டது.

இவ்வடிவம் பரவியதில் ஃபினாலேவுக்கென ரெகார்டேர் உருவாக்கிய 'டோலே' செருகுநிரலின் பங்கு பெரிது. கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம் என்ற உரிமமும் துணைசெய்தது. 2007இல் வந்த 2.0 பதிப்பு சுருக்கிய கோப்பையும், 2011இல் வந்த 3.0 பதிப்பு கூடுதல் கருவி விவரங்களையும் சேர்த்தன. சிபேலியஸ் இவ்வடிவத்தில் நேரடியாக ஏற்றுமதி செய்யத் தொடங்கியது அதே 2011இல், தன் 7ஆம் பதிப்பில்தான்.

2011 நவம்பரில் ரெகார்டேர், ஃபினாலேவின் உரிமையாளரான மேக்மியூசிக் வசம் வந்தது. 2015இல் இதன் பராமரிப்பு, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் இசைக்குறியீட்டுச் சமூகக் குழுவுக்கு மாறியது. 3.1 பதிப்பு 2017இலும் 4.0 பதிப்பு 2021இலும் வெளிவந்தன.

நெடுங்காலச் சேமிப்புக்கு இது போதுமா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. சுரம், தாளம், பாடல் வரி பெரும்பாலும் தவறாமல் கடக்கின்றன. பக்க அமைப்பும் நுணுக்கமான இடவரிசையும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறிவிடுகின்றன. மூலச் சுவடிகளையும் பாடபேதங்களையும் பதிவுசெய்யும் ஆய்வாளர்கள், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பெர்ரி ரோலண்ட் தொடங்கிய எம்இஐ வடிவத்தை நாடுகின்றனர். லில்லிபாண்ட், மியூஸ்கோர் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் சொந்தக் கோப்புகளும் படிக்கத்தக்க எழுத்தாகவே இருப்பதால், அவற்றையே மூலமாக வைத்திருப்பது நல்லது என்ற கருத்தும் உண்டு.

2024 ஆகஸ்ட் 26 அன்று ஃபினாலேவின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக மேக்மியூசிக் அறிவித்தது. முப்பத்தைந்து ஆண்டுக் கோப்புகளை வேறு மென்பொருளுக்குக் கொண்டுசெல்ல அது காட்டிய வழி மியூசிக்எக்ஸ்எம்எல். ஓராண்டுக்குப் பின் புதிய கணினிகளில் ஃபினாலேவை நிறுவ முடியாது என்ற முதல் அறிவிப்பு, பயனர்களின் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. ஜேசான் அடிப்படையிலான எம்என்எக்ஸ் என்ற புதிய வடிவத்தைச் சமூகக் குழு உருவாக்கிவருகிறது.