துப்பாக்கிப் பெட்டியும் பாளையங்கோட்டை விலங்கும்

நம்ம பக்கம் மலையடிவாரத்துல, பாபநாசம், கடையம், களக்காடுன்னு போனா லைசென்ஸோட துப்பாக்கி வச்சிருக்கிற வீடு இன்னும் அங்கங்க இருக்கு. காட்டுப்பன்னிக்காக வாங்கினது, தாத்தா காலத்துல இருந்து வர்றது, சும்மா பந்தாவுக்கு வச்சிருக்கிறதுன்னு பல ரகம். அப்படி ஒரு வீட்டு அண்ணாச்சி, நான் பொட்டி தட்டுறவன் என்கிற ஒரே தகுதியை நம்பி ஒரு கேள்வி கேட்டார். துப்பாக்கி வைக்கிற இரும்புப் பெட்டிக்கு எண் அமுக்குற எலக்ட்ரானிக் பூட்டு நல்லதா, பழைய மாதிரி திருகுற பூட்டு நல்லதா?

யோசிச்சுக்கிட்டே போனா 1801-ல போய் நின்னேன். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு, கும்பினியார் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். தம்பி ஊமைத்துரையையும் மற்றவர்களையும் பாளையங்கோட்டைக் கோட்டைக்குள்ளே அடைத்தார்கள். காலில் விலங்கு, வாசலில் காவல், அதையும் தாண்டினால் கோட்டை வாசலில் இன்னொரு காவல். இன்னைக்கு நாங்க மூணு அடுக்குப் பாதுகாப்புன்னு பீத்திக்கிற சமாச்சாரம்தான்.

1801 பிப்ரவரி 2-ஆம் தேதி மாலை, வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் கைதிகள் காவலர்களை மடக்கிவிட்டு, கோட்டை வாசல் காவலையும் தாண்டி வெளியே போய்விட்டார்கள். அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, 1830-ல் வந்த தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். அதில் என் கண்ணை நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். சிறைக்குள்ளே அம்மை கண்டிருந்ததால், சில நாட்களுக்கு முன்புதான் அவர்கள் காலில் இருந்த விலங்கைக் கழற்றியிருந்தார்கள்.

அதாவது விலங்கு உடையவே இல்லை. திறக்கிற அதிகாரம் உள்ளவனே நல்ல எண்ணத்தோடு திறந்து விட்டிருக்கிறான்.

விடியறதுக்குள்ள சுமார் முப்பது மைல் தாண்டி பாஞ்சாலங்குறிச்சிக்குப் போயாச்சு. ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 9-ஆம் தேதி, கும்பினிப் படை அங்கே போய்ப் பார்த்தால் தரைமட்டமான இடத்தில் மறுபடியும் கோட்டைச் சுவர் நிற்கிறது! மார்ச் 31-ல் நடந்த தாக்குதலை அந்த மண்சுவர் தாங்கியது. மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. நவம்பரில் ஊமைத்துரையையும் தூக்கிலிட்டார்கள்.

அடுத்து 1801 டிசம்பர் 1 தேதியிட்ட பிரகடனம் வருகிறது. அரசு அனுமதிக்கிற ஆயுதம் தவிர வேறெதையும் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. லைசென்ஸ் என்கிற யோசனைக்கு நம்ம சீமையில் இருநூறு வயசுக்கு மேல ஆச்சு. 1878-ல் அதையே நாடு முழுக்கச் சட்டமாக்கினார்கள்; வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு. அந்தச் சட்டம் செல்லாத பிரெஞ்சுப் புதுச்சேரியில்தான் வாஞ்சிநாதன் சுடப் பழகினார், 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷ் செத்தார். இதுவும் பூட்டை உடைத்த கதை இல்லை, பூட்டு இல்லாத பக்கமாகச் சுற்றிப்போன கதை. இப்போது இருப்பது 1959 ஆயுதச் சட்டம். பயிரைக் காக்க வாய்வழி மருந்து கிட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரும் பிரிவு அதில் இன்னும் இருக்கிறது. வாங்கின துப்பாக்கியைப் பத்திரமாக வைக்கிற பொறுப்பையும் 2016-ல் வந்த ஆயுத விதிகள் லைசென்ஸ்தாரர் தலையில் வைத்திருக்கின்றன.

சரி, பூட்டுக்கு வருவோம். திருகுற எண் பூட்டுக்குள்ளே சாதாரணமா மூணு சக்கரம் இருக்கும். ஒவ்வொண்ணுலயும் ஒரு வெட்டு. மூணு வெட்டும் ஒரே நேர்ல வந்தாத்தான் மேலே இருக்கிற கம்பி உள்ளே விழுந்து நாக்கை விடுவிக்கும். சக்கரத்துக்கு நூறு எண்ணுன்னா மொத்தம் 10 லட்சம் சேர்க்கை. எலக்ட்ரானிக்ல ஆறு இலக்கம்னாலும் அதே 10 லட்சம். காகிதத்துல ரெண்டும் சமம். (நடைமுறையில சக்கரம் ஒன்றிரண்டு எண் முன்னப்பின்ன போனாலும் ஒத்துக்கும்; நம்ம ஆளுங்க பிறந்த தேதியை வைப்பாங்க. ரெண்டு பக்கமும் கழிச்சுக்கோங்க.)

எலக்ட்ரானிக்ல ஆபத்து பேட்டரி தீர்றதுதான்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது சின்ன விஷயம். நல்ல பூட்டுல வெளியில இருந்தே பேட்டரி மாத்தலாம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ரகசியக் காகிதப் பெட்டிகளுக்காக வந்த எக்ஸ்-07 என்ற பூட்டில் பேட்டரியே கிடையாது. திருகுற வேகத்துலயே மின்சாரம் உண்டாகும். நம்ம சைக்கிள் டைனமோதான்!

உண்மையான சிக்கல் வேற. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவில் லிபர்டி சேஃப் என்ற பெட்டி நிறுவனம், வாடிக்கையாளர் ஒருவருடைய பெட்டியைத் திறக்கும் எண்ணை எஃப்.பி.ஐ. கேட்டதும் கொடுத்துவிட்டது. சோதனை உத்தரவு இருந்தது, சட்டப்படி சரிதான். ஆனா துப்பாக்கிப் பெட்டி வாங்கின அத்தனை பேருக்கும் அன்னைக்குத்தான் உறைச்சது: தன் பெட்டிக்கு இன்னொருத்தர்கிட்டயும் எண் இருக்கு. கூச்சல் கிளம்பியதும், வேண்டாம் என்பவர்களின் எண்ணை அழித்துத் தருவதாக நிறுவனம் அறிவித்தது. 2025-ல் டெஃப்கான் மாநாட்டில் இரண்டு ஆய்வாளர்கள், பல நிறுவனப் பெட்டிகளில் வரும் செக்யூராம் பூட்டுகளைச் சில நொடிகளில் திறந்து காட்டினார்கள். வழிகளில் ஒன்று, எண் மறந்தவர்களுக்கு உதவுவதற்காகப் பூட்டுக்காரர்களுக்கென்று வைத்த வசதி. அம்மைக்காகக் கழற்றிய விலங்கு எனக்கு ஞாபகம் வந்தது அங்கேதான்.

நம்ம கடைகள்ல கிடைக்கிற மலிவான எலக்ட்ரானிக் பெட்டிகள்ல இதே கதை வேற ரூபத்துல இருக்கும். எண் பலகைக்குப் பக்கத்துல ஒரு மூடி, அதைக் கழட்டினா சாவித் துவாரம். பத்து லட்சம் சேர்க்கையும் அந்தச் சின்னச் சாவி முன்னாடி வீண். அந்தச் சாவி எங்க இருக்கும்? பீரோவுல சேலை அடுக்குக்கு அடியில. வீட்டுல இருக்கிற பத்து வயசுப் பயலுக்குத்தான் அது முதல்ல தெரியும். அதே காரணத்துக்காகத்தான், திண்டுக்கல் லீவர் பூட்டு எவ்வளவு கெட்டியா இருந்தாலும் (2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பூட்டு, குறை சொல்லலை) சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல துப்பாக்கிக்கு அதை மட்டும் நம்ப மாட்டேன். சாவி என்பது ஒரு பொருள், கைக்குக் கை மாறும்.

அதனால நான் அண்ணாச்சிகிட்ட சொன்னது இதுதான். வருஷத்துல நாலு தடவை எடுக்கிற துப்பாக்கிக்குத் திருகுற எண் பூட்டே போதும். அரை நிமிஷம் கூட ஆகும், ஆகட்டும்; பன்னி காத்திருக்காதுதான், பரவாயில்லை. எண்ணை மாத்தணும்னா அதுக்கான ஆளைத் தேடி அலையணும், அது அதோட குறை. எலக்ட்ரானிக்தான் வேணும்னா, மறைவுச் சாவி இல்லாததாப் பார்த்து, கம்பெனி போட்டுத் தந்த எண்கள் எல்லாத்தையும் முதல் நாளே மாத்தி, எண்ணோட நகல் யார்கிட்டயாவது இருக்கான்னு விக்கிறவனைக் கேட்டுடணும். தோட்டாவை வேற பெட்டியில, வேற எண்ணுல வைக்கணும். அரசாங்கக் கருவூலத்துல இரட்டைப் பூட்டுன்னு ஒண்ணு உண்டு. ரெண்டு சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கும், ஒருத்தரா திறக்க முடியாது. வீட்டுல அண்ணாச்சிகிட்ட ஒரு எண், மதினிகிட்ட ஒரு எண்ணுன்னு பிரிச்சாலே அது வந்துடும்.

ஒரு வேடிக்கை பாக்கி இருக்கு. தேர்தல் அறிவிப்பு வந்தா லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷன்லயோ அனுமதி பெற்ற ஆயுதக் கடையிலயோ ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சின்னு கணக்குப் பார்த்தா அந்தப் பெட்டிக்குள்ள ரசீதும் நிலப் பத்திரமும் மட்டும் கிடக்கிற மாசங்களும் கொஞ்சம் வந்து போகும்.